இடுப்பளவு

நான் துப்பாக்கி சுட்டதில்லை. சுடவேண்டும் என்ற ஆசையும் வந்ததில்லை. ஆனால் துப்பாக்கிக்குத் தோலில் உறை தைக்கத் தெரியும். கல்லூரி இல்லாத சனி, ஞாயிறுகளில் தஞ்சாவூரில் என் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து ஐந்து வருடங்களாக இதைச் செய்துவருகிறேன். பொழுதுபோக்கு என்னவென்று யாராவது கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுவேன். கேட்டவர் முதலில் சிரிப்பார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்ததும் பேச்சை மாற்றிவிடுவார். தமிழ் கற்பிப்பவள், கவிதை எழுதுபவள், நாற்பதைக் கடந்தவள். இப்படிப்பட்ட பெண்ணுக்கென்று இந்த ஊர் சில பொழுதுபோக்குகளை ஏற்கெனவே எடுத்துவைத்திருக்கிறது. தஞ்சாவூர் ஓவியத்தில் வெண்ணெய்க் கண்ணனுக்குத் தங்க ரேக் ஒட்டலாம், வீணை கற்கலாம், மொட்டைமாடியில் கீரை வளர்க்கலாம். தோலும் துப்பாக்கியும் அந்தப் பட்டியலில் வராது. தோலை என் சாதி எனக்கு விலக்கிவைத்தது. துப்பாக்கியை நான் பெண் என்பது விலக்கிவைத்தது. இரண்டும் என் மடியில் ஒன்றாகக் கிடக்கும்போது சிலவற்றை யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்த யோசனைதான் இந்தக் கட்டுரை.

துப்பாக்கிக்கு வெகுகாலம் முன்பே தோல் என் கைக்கு வந்துவிட்டது. என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் கட்டு பிரிந்துபோயிருந்தது. பைண்டிங் கடையில் ரெக்சின் போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். ஏழு வருட உழைப்பு. அதற்குத் தோல் அட்டை போட்டால் என்ன என்று தோன்றியது. பழைய பேருந்து நிலையத்துப் பக்கம் குடையின் கீழ் உட்கார்ந்து செருப்புத் தைக்கும் பெரியவரிடம் கேட்டேன். ஆய்வேட்டைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சர், இம்மாம் பெரிய புத்தகத்துக்கு நம்மகிட்ட இருக்கிற ஒட்டுத்துண்டு பத்தாது. நல்ல தோலு வாங்கியாங்க, தச்சுத் தாரேன்" என்றார். சென்னைக்குப் போனபோது பெரியமேட்டில் தோல் வாங்கிவந்தேன். அவர் தைப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மூன்றாம் நாள், "சும்மாப் பாத்துக்கிட்டே இருந்தா எப்படி, இந்தாங்க" என்று ஊசியை நீட்டினார்.

அவர் இரண்டு விதமாகத் தைப்பார். நின்றுகொண்டே காத்திருப்பவரின் செருப்பு வாருக்குக் கொக்கி ஊசி. குத்தி, நூலை இழுத்து, வளையத்துக்குள் விட்டு முடித்துவிடலாம். நிலைத்து நிற்க வேண்டியதற்கு இரட்டை ஊசி. ஒரே நூல், இரண்டு முனையிலும் ஊசி, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசிகளும் எதிரெதிராகக் கடந்துபோக வேண்டும். இயந்திரத் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு நிற்பதால் ஓரிடத்தில் அறுந்தால் வரிசையே தளர்ந்துவிடும். இரட்டை ஊசித் தையலில் ஒரு பக்கத்து நூல் தேய்ந்து அறுந்தாலும் மறுபக்கத்து நூல் அதே துளையில் பிடித்துக்கொண்டு நிற்கும். நூலுக்குத் தேன்மெழுகு பூசுவது, குத்தூசியைச் சாய்க்காமல் இறக்குவது, ஒவ்வொரு முறையும் ஒரே பக்க ஊசியை முதலில் விடுவது என எல்லாவற்றையும் நடைபாதையில் உட்கார்ந்தே கற்றுக்கொண்டேன். கற்றுக்கொடுத்ததற்குப் பணம் வாங்க மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். என் வயிறும் வாங்கச் சொல்லவில்லை என்று அவர் சொல்லவில்லை. ஆகவே வாரத்துக்கு ஒருமுறை கூலியைக் கையில் வைத்துவிட்டுத்தான் எழுந்தேன்.

வீட்டில் அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "ஏண்டி, இவ்வளவு படிச்சு கடைசியில இதுவா? கூடத்துல கொண்டுவந்து வைக்காதே" என்றார். என் தம்பி சிறுவயதில் மிருதங்கம் கற்றவன். அந்த மிருதங்கம் இன்றும் அதே கூடத்தில் பட்டுத்துணி போர்த்தி நிற்கிறது. சரஸ்வதி பூஜைக்கு அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பவர் அம்மாதான். பசு, ஆடு, எருமை மூன்றின் தோலும் சேர்ந்ததுதான் மிருதங்கம். மாட்டைத் தேர்ந்து, உரித்து, ஊறவைத்து, முடி நீக்கி, வார் இழுத்துக் கட்டியவர்கள் யாரென்பதைப் பட்டுத்துணி மறைத்துவிடுகிறது. பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்த பர்லாந்து எங்கள் தஞ்சாவூர்க்காரர். அவர் குடும்பத்தையும் அவரைப் போன்ற தலித் கிறிஸ்தவக் கைவினைஞர்களையும் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய ஆங்கில நூல் 2020இல் வெளியானது. அந்த நூலின் வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்திருந்த அனுமதியைச் சென்னை கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது நாளிதழ்ச் செய்தியானது. தோலின் ஓசை சபைக்குள் போகலாம். தோலின் கதைக்கு வாசலிலேயே விசாரணை.

தோல் தொடாத சாதியில் பிறந்தவள் தோலைத் தொட்டால் அதற்குப் பொழுதுபோக்கு என்று பெயர். பெரியவர் தொட்டால் அதற்குச் சாதியின் பெயர். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் காலணித் தொழிற்சாலைகளில் தையல் இயந்திரத்துக்கு முன்னால் குனிந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். எட்டு மணிநேரம் தோல் தைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சமைக்கிற அவர்களிடம் யாரும் பொழுதுபோக்கு என்னவென்று கேட்பதில்லை. எனக்குக் கிடைக்கும் வியப்பும் பாராட்டும் சாதி எனக்குக் கொடுக்கும் தள்ளுபடிதான். இதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை மேலே எழுத முடியாது.

வகுப்பில் புறநானூற்றின் 82ஆம் பாட்டை நடத்தும்போது இதெல்லாம் நினைவுக்கு வரும். சாத்தந்தையார் பாடியது. போர்வைக்கோப் பெருநற்கிள்ளி போரிட்ட வேகத்துக்கு அவர் ஓர் உவமை தேடுகிறார். ஊரில் திருவிழா தொடங்கிவிட்டது. வீட்டில் மனைவிக்குப் பேறுகால வலி. மழை பெய்கிறது, பொழுதும் சாய்கிறது. இத்தனைக்கும் நடுவே ஒருவன் வாரை இழுத்துக் கட்டில் பின்னிக்கொண்டிருக்கிறான். அவன் கை ஊசி எவ்வளவு விரைவாகப் போகுமோ, அதைவிட விரைவாக நடந்ததாம் அந்தப் போர். அந்தத் தொழிலாளியைப் புலவர் 'இழிசினன்' என்கிறார். மன்னனின் வீரத்தை அளக்க அவன் ஊசி வேண்டியிருக்கிறது. ஆனால் அவனுக்குக் கிடைப்பது இந்தப் பெயர். இன்னொருத்தியும் அந்தப் பாட்டில் இருக்கிறாள். உள்ளே வலியில் கிடக்கிறவள். குழந்தை பிறந்ததா, அவள் பிழைத்தாளா, தெரியாது. அவசரத்துக்கு ஒரு காரணமாக வந்துவிட்டு அவள் போய்விடுகிறாள். போரை அளந்தார்கள், ஊசியின் வேகத்தை அளந்தார்கள், அவள் வலியை யாரும் அளக்கவில்லை. பாடம் முடிந்ததும் மாணவிகள் பெரும்பாலும் கேட்கிற கேள்வி, "அம்மா, அந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சு?" என்பதுதான். நூற்றாண்டுகளாக உரை எழுதியவர்கள் இந்தக் கேள்விக்கு வரவில்லை.

இப்படிக் கேட்ட மாணவிகளில் ஒருத்தி பி.ஏ. தமிழ் முடித்துத் தேர்வெழுதிக் காவல்துறையில் உதவி ஆய்வாளர் ஆனாள். எங்கள் மாவட்டத்துக்குப் பக்கத்தில் பணி. ஒருநாள் வீட்டுக்கு வந்தவள் நாற்காலியின் விளிம்பில்தான் உட்கார்ந்தாள். சாய்ந்து உட்காரச் சொன்னேன். "முடியாதும்மா, இடிக்கும்" என்றாள். வலது விலா எலும்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போயிருந்தது. துப்பாக்கியின் பிடி இடித்து இடித்து உண்டான காயம். சீருடைப் பொருள் விற்கும் கடையில் வாங்கிய உறை அது. எல்லோருக்கும் ஒரே அளவு. அந்த எல்லோரில் அவள் இல்லை.

கையில் தோல் பழக்கம் இருந்ததால் நான் அந்த உறையைக் கழற்றித் திருப்பிப் பார்த்தேன். கோளாறு எங்கே என்று புரிய அரைமணி நேரம்கூட ஆகவில்லை. பெரும்பாலான ஆண்களுக்கு இடையும் இடுப்பும் ஏறக்குறைய நேர்கோட்டில் இறங்கும். பெல்ட்டில் மாட்டிய உறை காலோடு ஒட்டித் தொங்கும். பெண்களில் பலருக்கு இடைக்குக் கீழே இடுப்பு அகன்று வெளியே வரும். உறையின் அடிப்பாகத்தை இடுப்பு வெளிப்பக்கம் தள்ளும். அடி வெளியே போனால் மேலே இருக்கும் பிடி உள்ளே சாய்ந்து விலாவில் குத்தும். இடைக்கும் அக்குளுக்கும் உள்ள தூரமும் பெண்களுக்குப் பொதுவாகக் குறைவு. ஆகவே துப்பாக்கியை வெளியே எடுக்க முழங்கையைத் தோளுக்கு மேல் தூக்க வேண்டியிருக்கிறது. பயிற்சியில் இந்தத் தாமதத்தைப் பார்த்தவர்கள், "பொம்பளைங்களுக்குக் கை வராது" என்றார்களாம். கை அவளுக்கு நன்றாகவே வரும். உறைதான் அவள் உடம்புக்கு வரவில்லை.

அவள் இன்னொன்றும் சொன்னாள், கொஞ்சம் தயங்கி. "கக்கூஸ் போனா இதை எங்க வைக்கிறதுன்னு எங்களுக்கு யாரும் சொல்லித் தரலம்மா." பெல்ட்டை அவிழ்த்தால் உறை உருவிக்கொண்டு வந்துவிடும். திருவிழாப் பந்தோபஸ்தில் கிடைக்கிற கழிப்பறைகளில் கதவில் கொக்கி இருக்காது, தரை ஈரமாக இருக்கும். ஏறக்குறைய ஒரு கிலோ இரும்பை, தொலைந்தால் வேலையே போய்விடக்கூடிய பொருளை, பல்லால் கவ்வாத குறையாகப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். மாதவிடாய் நாட்களில் இதைத் தவிர்க்கத் தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுவாளாம். ஆண் உடம்பை மனதில் வைத்து உறை தைத்தவருக்கு இந்தக் கேள்வி எழவே வாய்ப்பில்லை.

தமிழ்நாட்டில் காவல்துறைக்குப் பெண்கள் வந்தது 1973இல். ஓர் உதவி ஆய்வாளர், ஒரு தலைமைக் காவலர், இருபது காவலர்கள் என்று தொடங்கியது. 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது. தலைவர்கள் போகும் சாலைகளில் பெண் காவலர்களை மணிக்கணக்கில் நிறுத்திவைக்க வேண்டாம் என்ற உத்தரவு வந்தது 2021 ஜூனில். நிற்கவைத்ததற்கும் நிறுத்தியதற்கும் நடுவே ஏறக்குறைய ஐம்பது வருடங்கள். பெண்களைச் சேர்த்துக்கொள்வது ஒரு அரசாணையில் முடிந்துவிடும். அவர்களின் உடம்பைச் சேர்த்துக்கொள்ள உறை, காலணி, கழிப்பறைக் கொக்கி என்று ஒவ்வொன்றாக மாற்ற வேண்டியிருக்கிறது.

தையல் டேப்பை எடுத்து அவளை நிற்கவைத்து அளந்தேன். இடை, இடுப்பு, இரண்டுக்கும் நடுவே உள்ள சரிவு, பெல்ட்டிலிருந்து அக்குள்வரை உள்ள உயரம், கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு நிற்கும் இடம். ரவிக்கைக்கு அளவு கொடுத்துப் பழகியவள்தான், ஆனாலும் சிரித்தாள். "துப்பாக்கிக்கு ஃபிட்டிங் பாக்கிற முதல் ஆளு நீங்கதாம்மா."

துப்பாக்கியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போக முடியாது. அது அரசின் சொத்து. கொடுத்திருந்தாலும் நான் வாங்கியிருக்க மாட்டேன். அவளிடம் இருந்தது ஈஷாப்பூர் தொழிற்சாலையில் செய்யப்படும் 9 எம்எம் பிஸ்டல். பிரௌனிங் ஹை-பவர் என்ற பழைய மாதிரியை ஒட்டியது. நீளம் சுமார் 20 சென்டிமீட்டர். அந்த மாதிரியின் அளவுகள் அச்சில் வந்த பொது விவரம். அவற்றை வரைந்து எடுத்துக்கொண்டு வீணை செய்பவர் ஒருவரிடம் போனேன். தஞ்சாவூர் வீணை பலா மரத்தில் கடைவது. குடம் கடைந்தபின் மிஞ்சிய பலாக்கட்டையில் அவர் எனக்கு ஒரு மரத்துப்பாக்கி செதுக்கிக் கொடுத்தார். அதற்குச் சாயம் பூசவில்லை. யாரும் நிஜமென்று நினைத்துவிடக் கூடாது. மஞ்சளாக, லேசான மணத்தோடு, பொம்மை மாதிரி என் மேசையில் இருக்கிறது.

தோலில் எல்லாம் உறைக்கு ஆகாது. குரோமியம் உப்பில் பதனிட்ட தோல் ஒருநாளில் தயாராகிவிடும், மிருதுவாகவும் இருக்கும். கைப்பைக்கும் காலணிக்கும் அது நல்லது. ஆனால் நனைத்து அழுத்தினாலும் வடிவத்தைப் பிடித்துக்கொள்ளாது. அதன் உப்பு காலப்போக்கில் இரும்பையும் அரிக்கும். உறைக்கு மரப்பட்டையில் பதனிட்ட தோல் வேண்டும். தமிழ்நாட்டில் தலைமுறைகளாக ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்டுவந்தார்கள். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். சங்கப் பாட்டில் மடலேறப் போகும் ஆண் சூடுவது இந்த ஆவிரம்பூவைத்தான். பெண் மடலேறுவதற்குத் தொல்காப்பியம் இடம் கொடுக்கவில்லை. பூ அவனுக்குப் போனால் போகட்டும். பட்டை என் மேசைக்கு வந்திருக்கிறது.

மூன்றரை மில்லிமீட்டர் கனமுள்ள எருமைத்தோல், ஓர் உறைக்கு ஏறக்குறைய ஒரு சதுர அடி. காகிதத்தில் வடிவம் வெட்டித் தோலின் மேல் வைத்துக் கத்தியால் அறுப்பேன். வெதுவெதுப்பான தண்ணீரில் குமிழி அடங்கும்வரை நனைத்து எடுத்தால் தோல் இட்லி மாவுப் பதத்துக்கு இல்லாவிட்டாலும் சப்பாத்தி மாவுப் பதத்துக்கு வந்துவிடும். மரத்துப்பாக்கியைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி உள்ளே வைத்து விரலாலேயே அழுத்த வேண்டும். குழல் எங்கே, விசைக்காப்பு எங்கே என்று தோல் மேலே தெரியும்வரை அழுத்தவேண்டும். விசை இருக்கிற இடம் முழுவதும் மூடியிருப்பது முக்கியம். விரலோ துணி நுனியோ உள்ளே போக வழி இருந்தால் அது உறையே இல்லை. நிழலில் ஒருநாள் காய வேண்டும். வெயிலில் வைத்தால் அப்பளம் போல முறிந்துவிடும். காய்ந்தபின் அங்குலத்துக்கு ஆறு தையல். ஓரத்தைத் தேய்த்து மெழுகு பூசினால் கண்ணாடி மாதிரி வரும். கடைசியில் லேசாக விளக்கெண்ணெய்.

அவளுக்காகச் செய்த மாற்றங்கள் மூன்று. பெல்ட் வளையத்திலிருந்து உறையை இரண்டு அங்குலம் கீழே இறக்கினேன். அதனால் பிடி விலாவுக்குக் கீழே வந்துவிட்டது. வளையத்துக்கும் உறைக்கும் நடுவே, மேல்பக்கத்தில் ஆப்பு போல ஒரு தோல் அடுக்கு வைத்தேன். இடுப்பு அடியைத் தள்ளுகிற அளவுக்கு ஆப்பு மேல்பாகத்தையும் வெளியே தள்ளும். உறை செங்குத்தாக நிற்கும். மூன்றாவது, வளையத்தை இறுக்கிப் பிடிக்க இரண்டு பிரஸ் பட்டன் பட்டைகள். பெல்ட்டை அவிழ்த்தாலும் உறை நழுவாது. வேண்டுமானால் அதில் ஒரு பட்டையைக் கழற்றிக் கதவிலோ கழுத்திலோ மாட்டிக்கொள்ளலாம். இரண்டு வார இறுதிகளில் முடிந்தது. இடுப்பில் மாட்டிக்கொண்டு என் வீட்டு ஊஞ்சலில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே பத்து நிமிடம் தூங்கியும் போனாள்.

இந்த நாட்டில் பெண்ணுக்கென்றே ஒரு துப்பாக்கி செய்த கதையும் உண்டு. 2014 ஜனவரியில் கான்பூரில் உள்ள மத்திய அரசின் ஃபீல்டு கன் தொழிற்சாலை .32 ரிவால்வர் ஒன்றை வெளியிட்டது. பெயர் 'நிர்பீக்'. இந்தியில் அச்சமற்றது என்று பொருள். 2012 டிசம்பரில் டெல்லிப் பேருந்தில் சிதைக்கப்பட்ட பெண்ணுக்கு ஊடகங்கள் வைத்த நிர்பயா என்ற பெயரின் எதிரொலி. கைப்பையில் வைக்க எளிதாக எடை 500 கிராம். விலை 1,22,360 ரூபாய். அதை வைத்துக் கொடுத்தது நகைப்பெட்டி போன்ற கருஞ்சிவப்புப் பெட்டியில். பெண்ணின் பயத்தை அளந்தார்கள், பர்ஸை அளந்தார்கள். அவள் யாருக்குப் பயப்படுகிறாள் என்பதை அளக்கவில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளில் வன்புணர்வு வழக்குகளில் 90 விழுக்காட்டுக்கும் மேல் குற்றம் சாட்டப்படுகிறவர் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவர்தான். மாமன், பக்கத்து வீட்டுக்காரர், கல்யாணம் செய்துகொள்வதாகச் சொன்னவன். இவர்களுக்கு எதிரே எந்தக் கருஞ்சிவப்புப் பெட்டியைத் திறப்பது? மணிப்பூரில் துப்பாக்கியால் கணவரை, பிள்ளையை இழந்த பெண்களோடு வேலை செய்கிற பினாலட்சுமி நெப்ராம் போன்றவர்கள் அப்போதே இதை எதிர்த்துப் பேசினார்கள். துப்பாக்கி கூடக் கூடப் பெண்கள் பாதுகாப்பாக இருப்பதில்லை என்பது அவர்கள் வாழ்ந்து கண்டது.

அப்படியானால் நீ ஏன் உறை தைக்கிறாய் என்று ஒரு தோழி நேராகவே கேட்டாள். நியாயமான கேள்வி. எங்கள் டெல்டாவில் துப்பாக்கி நெல் விளைகிற மண்ணில் யார் பக்கம் இருந்தது என்பதை மறக்க முடியாது. மிராசுதார் வீடுகளில் இரட்டைக்குழல் துப்பாக்கி மாட்டியிருக்கும். செருப்புத் தைத்தவர் அந்தத் தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணிக்கு வந்தவர்கள் கையில் துப்பாக்கி இருந்தது. அரைப்படி நெல் கூடக் கேட்டார்கள் என்று இன்றும் ஊரில் சொல்வார்கள். செங்கொடிச் சங்கத்தை விட மறுத்தார்கள் என்பதும் சேர்ந்த காரணம். ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்துபோனார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கீழ்நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களைச் சென்னை உயர் நீதிமன்றம் 1973இல் விடுதலை செய்தது. பெண்கள் காவல்துறையில் முதன்முதலாகச் சேர்ந்த அதே வருடம்.

சீருடை போட்டுக்கொண்டதாலேயே ஒருவர் நல்லவராகிவிடுவதில்லை. 1992 ஜூனில் வாச்சாத்தியில் பழங்குடிப் பெண்களைச் சிதைத்த குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர்கள் அரசு ஊழியர்கள். 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தையும் மகனும் அடிபட்ட இரவைப் பற்றிச் சாட்சி சொல்லத் துணிந்தவர் அதே நிலையத்தின் பெண் தலைமைக் காவலர். என் மாணவி இந்த இரண்டு வழக்குகளையும் படித்திருக்கிறாள். நாங்கள் பேசியிருக்கிறோம். "அந்த இடத்துல நான் இருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு தினமும் யோசிப்பேம்மா" என்றாள். அவளுக்கு அந்த யோசனை இருக்கிறவரை விலாவில் காயம் இல்லாமல் அவள் அங்கே இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். வலியைப் பொறுத்துக்கொள்ள முடியாமல் மேசை வேலைக்கு மாற்றல் கேட்டுப் போகிறவர்களுள் அவளும் ஒருத்தி ஆகிவிடக் கூடாது.

துப்பாக்கியைவிட அதன் உறையில் எனக்கு ஈடுபாடு வந்ததற்கும் காரணம் இருக்கிறது. துப்பாக்கியை எடுக்காமல் வைத்திருப்பதுதான் உறையின் அன்றாட வேலை. எட்டு வருடப் பணியில் பயிற்சித் திடலுக்கு வெளியே அவள் அதை ஒருமுறைகூட உருவியதில்லை. அந்த எட்டு வருடமும் அது உறையில்தான் இருந்தது. உறை அவள் உடம்பில்தான் இருந்தது. ஆயுதத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் சுடுகிற ஒரு நொடியைப் பேசுகிறார்கள். சுமக்கிற வருடங்களைப் பேசுவதில்லை. சுமப்பது பெண்களின் பாடு என்று இருக்கும்போது அதைப் பேச வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

மணலூர் மணியம்மையை இங்கே நினைத்துக்கொள்கிறேன். கைம்பெண்ணான பிராமணப் பெண், கீழத்தஞ்சையில் பண்ணையாட்களைத் திரட்டியவர். தலைமுடியை வெட்டிக்கொண்டு வேட்டியும் சட்டையும் போட்டுக்கொண்டு வயல்வரப்பில் நடந்தவர். ராஜம் கிருஷ்ணன் 'பாதையில் பதிந்த அடிகள்' நாவலை அவர் வாழ்க்கையை வைத்துத்தான் எழுதினார். அவர் ஆண்வேடம் போட்டார் என்று அப்போது ஏசினார்கள். வரப்பில் விரைந்து நடக்க எந்த உடை வசதியோ அதை அவர் போட்டுக்கொண்டார். தன் வேலைக்குத் தன் உடம்பை வைத்துத் தானே அளவெடுத்துக்கொண்ட பெண் என்று அவரை நான் புரிந்துகொள்கிறேன்.

என் மாணவியின் பாட்டி அதே கீழத்தஞ்சையில் நாற்றுப் பறித்து நடவு நட்டவர். வெண்மணி எரிந்தபோது பக்கத்து ஊரில் இருபது வயதுப் பெண். பேத்தியின் புது உறையை வாங்கித் தடவிப் பார்த்தாராம், முகர்ந்தாராம். ஆவாரம்பட்டை வாசம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. "நல்லாத் தச்சிருக்கான். யாரு?" என்று கேட்டிருக்கிறார். காலேஜ் டீச்சர் என்றதும் நம்பவில்லை. அவர்கள் எந்தச் சாதி என்று கேட்டிருக்கிறார். பேத்தி சொல்லியிருக்கிறாள். பாட்டி வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கூலி குடுத்தியா?" என்றாராம். இதை என்னிடம் சொல்லிவிட்டு அவள் பணத்தை நீட்டினாள். பொழுதுபோக்குக்கு எதற்குப் பணம் என்று சொல்ல வாயெடுத்தேன். கூலி கேட்டதற்காக ஊரே எரிந்த மண்ணில் அந்தப் பாட்டி கேட்ட கேள்விக்கு அது பதிலாகாது என்று தோன்றி வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஏற்பாட்டை மாற்றினேன். அவளோடு பணிசெய்கிற பெண்கள் சிலர் கேட்டுவந்தார்கள். அளவெடுப்பதும் வடிவம் வெட்டுவதும் நனைத்து அழுத்துவதும் என் வேலை. தையல் பெரியவருடையது. ஒரு தையல் வரிசைக்கு இவ்வளவு என்று அவர் கேட்ட கூலியை உறை வாங்குகிறவர் நேராக அவரிடம் கொடுக்கிறார். அவர் இப்போது மாடியறைக்கு வருகிறார். முதல்நாள் வாசலிலேயே நின்றார். "உள்ள வாங்க ஐயா" என்று மூன்றுமுறை சொல்ல வேண்டியிருந்தது. அம்மா இன்னும் மாடிக்கு வருவதில்லை. ஆனால் நாலு மணிக்கு இரண்டு டம்ளர் காபி மேலே வருகிறது. இரண்டும் ஒரே மாதிரி எவர்சில்வர் டம்ளர்.

அளவுகளை ஒரு நீளநோட்டில் எழுதிவைக்கிறேன். பெயருக்கு எதிரே இடை, இடுப்பு, சரிவு, அக்குள் உயரம், மணிக்கட்டு, வலக்கையா இடக்கையா. ஒருத்தி கர்ப்பமாக இருந்தபோது எடுத்த அளவு தனிப்பக்கத்தில் இருக்கிறது. பிரசவத்துக்குப் பிறகு எடுத்தது அதன் பின்பக்கத்தில். இதுவரை ஏழு பெண்கள். இரண்டு பேருடைய அளவுகூட ஒன்றாக இல்லை. அடுத்த சனிக்கிழமை எட்டாவது பெண் வருவதாகச் சொல்லியிருக்கிறாள், இடக்கைக்காரி. பலாக்கட்டைத் துப்பாக்கிக்கு அந்தப் பக்கம் இன்னும் பழக்கம் இல்லை. புதுக் காகிதத்தில் வடிவத்தைத் திருப்பி வரைந்து வைத்திருக்கிறேன்.